இரண்டாவது புட்டி

எங்கள் வீட்டில் ஃப்ரிட்ஜின் மேல் ஒரு நீல நிற பிஸ்கட் டின் இருந்தது. டென்மார்க் பட்டர் பிஸ்கட் வந்த டின். மற்ற வீடுகளில் அதில் ஊசி நூல் இருக்கும், எங்கள் வீட்டில் மாத்திரை. காய்ச்சலுக்கு, வயிற்றுப்போக்குக்கு, அலர்ஜிக்கு, தொண்டைக்கு என்று ரப்பர் பேண்ட் போட்டுப் பிரித்து வைத்திருப்பேன். நான் தாம்பரத்தில் ஒரு ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் டெக்னீஷியன். டி.எம்.எல்.டி. படித்தவள், டாக்டர் இல்லை. ஆனால் எங்கள் தெருவில் பாதிப் பேருக்கு நான்தான் டாக்டர். அந்தப் பெருமை எனக்கும் இருந்தது, மறைப்பானேன்.

பொத்தேரி என்றால் வெளியூர்க்காரர்களுக்குக் கல்லூரி. பெயரிலேயே ஓர் ஏரி இருப்பது அவர்கள் கண்ணில் படுவதில்லை. சாயங்காலம் ஆனால் ஜி.எஸ்.டி. சாலையிலும் ஸ்டேஷன் பக்கமும் எங்கு பார்த்தாலும் பதினெட்டிலிருந்து இருபத்திரண்டு வயதுப் பிள்ளைகள். மெஸ், ஜூஸ் கடை, ஜெராக்ஸ் கடை, ஓர் அறையில் நாலு கட்டில் போட்ட பி.ஜி. விடுதி. ஒரு பாட்டில் தண்ணீர் நாலு வாய்க்குப் போகும், ஒருத்தனுக்குச் சளி பிடித்தால் மாடி முழுக்க இருமும். சாத்தூரிலிருந்து என் அக்கா மகன் இங்கே படிக்க வந்தபோது, சித்தி வீட்டில் இரு என்று சொல்லிப் பார்த்தேன். நண்பர்களோடு இருக்கிறேன் என்று ரயில்பாதைக்கு அந்தப் பக்கம் அறை எடுத்துக்கொண்டான். ஞாயிற்றுக்கிழமை குழம்புக்கு மட்டும் சித்தி.

2018 அக்டோபரில், ஆயுத பூஜைக்கு ஐந்து நாள் இருக்கும்போது வந்தான். "சித்தி, எச்சி முழுங்க முடியல. வலப்பக்கம் ஊசி குத்துற மாதிரி இருக்கு." வாயைத் திறக்கச் சொல்லி செல்போன் வெளிச்சத்தில் பார்த்தேன். டான்சில் சிவந்து, வெள்ளை படிந்திருந்தது. டின்னைத் திறந்து அசித்ரோமைசின் 500 எடுத்துக் கொடுத்தேன். தினம் ஒன்று, மூன்று நாள். உப்புத் தண்ணீரில் கொப்பளி, ஐஸ் போட்ட ஜூஸ் குடிக்காதே. மூன்று நாளில் வலி விட்டது. பூஜை அன்று வந்து இரண்டு கிண்ணம் சுண்டல் சாப்பிட்டான். நானும் தெருவில் நாலு பேரிடம் சொல்லிக்கொண்டேன், டாக்டர் ஃபீஸ் மிச்சம் என்று.

சனிக்கிழமை ராத்திரி அறைத் தோழன் போன் செய்தான். "ஆன்ட்டி, இவனுக்கு உடம்பு தூக்கித் தூக்கிப் போடுது." ஆட்டோ பிடித்துப் போனோம். மூன்று போர்வைக்கு அடியில் கட்டில் ஆடுகிற அளவுக்கு நடுக்கம். அரை மணி நேரத்தில் நின்றது, அதன்பின் 104 டிகிரி. வீட்டுக்குக் கூட்டி வந்துவிட்டேன். அந்த ஐப்பசி மழையில் பக்கத்துத் தெருவெல்லாம் டெங்கு. வேறெதுவும் எனக்குத் தோன்றவே இல்லை. எங்கள் வீட்டுக்காரர் பப்பாளி இலைக்கு அலைந்தார்.

திங்கட்கிழமை ரத்தம் எடுத்து நானே மெஷினில் ஓட்டினேன். தட்டணு 88,000. டெங்குதான் என்று முடிவுகட்டியாயிற்று. ஆனால் டெங்குவுக்கான என்.எஸ்.1 இல்லை என்று வந்தது. வெள்ளையணு 19,000. இந்த இடத்தில் நான் நின்றிருக்க வேண்டும். டெங்குவில் வெள்ளையணு குறையும், மூவாயிரம், இரண்டாயிரத்து ஐநூறு என்று இறங்கும். பத்தொன்பதாயிரம் என்றால் உள்ளே எங்கோ சீழ் என்று பொருள். இருபத்து நாலு வருடமாக இந்த எண்களைத்தான் டைப் அடிக்கிறேன். வேறு யாருடைய ரிப்போர்ட்டாக இருந்தாலும் அடியில் ஒரு கோடு போட்டு டாக்டருக்கு போன் செய்திருப்பேன். சொந்தப் பிள்ளை என்றதும் தட்டணுவை மட்டும் பார்த்தேன். கூடவே வைடால் பரிசோதனையும் போட்டேன், அது லேசாக டைபாய்டு என்று காட்டியது. நம் ஊரில் பாதிப் பேருக்கு அது டைபாய்டு என்றுதான் காட்டும். அதை நம்பிச் சிகிச்சை செய்வதை என்றைக்கு நிறுத்தப் போகிறோமோ தெரியவில்லை.

செவ்வாய்க்கிழமை கழுத்து வலி என்றான். வலப்பக்கம், காதுக்குக் கீழே. திருப்பினால் சுள்ளென்று இழுக்கிறது. போனில் அக்கா, "நரம்பு சுளுக்கிருக்கும், தலகாணி மாத்திப் படுத்திருப்பான், யாரையாவது வழிச்சுவிடச் சொல்லு" என்றாள். கூடுவாஞ்சேரியில் சுளுக்கெடுக்கும் பெரியவர் ஒருவர் உண்டு. மழை மட்டும் இல்லையென்றால் கூட்டிப் போயிருப்பேன். கோடாலித் தைலத்தை இரண்டு சொட்டு தொட்டு நானே மேலிருந்து கீழாகத் தடவிவிட்டேன். விரலுக்கு அடியில் கயிறு மாதிரி ஒன்று தட்டுப்பட்டது. தசை இறுகியிருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன்.

நாம் எல்லாவற்றையும் 'நரம்பு' என்று சொல்லிவிடுகிறோம். உணர்ச்சி ஓடுவதும் நரம்பு, ரத்தம் ஓடுவதும் நரம்பு. ஊசி போட நரம்பு கிடைக்கவில்லை என்று தினமும் சொல்லும் நானே, அன்றைக்கு அக்கா சொன்ன நரம்பு எது என்று யோசிக்கவில்லை.

புதன்கிழமை விடிகாலையில் மூச்சு விட்டால் விலாவில் குத்துகிறது என்று உட்கார்ந்துவிட்டான். படுக்க முடியவில்லை. பெரிய ஆஸ்பத்திரி ஒன்றின் அவசரப் பிரிவுக்குத் தூக்கிக்கொண்டு போனோம். ஆக்சிஜன் 89. தட்டணு 42,000. மார்பு எக்ஸ்ரேயில் இரண்டு நுரையீரலிலும் பஞ்சு ஒட்டியது போல் வட்ட வட்டமாகத் திட்டுகள், ஒன்றிரண்டில் நடுவில் பொத்தல். பார்த்தவர்கள் வாயில் முதலில் வந்தது டி.பி. அதற்குள் சாத்தூரிலிருந்து வந்து சேர்ந்த அக்கா அதைக் கேட்டுத் தரையில் உட்கார்ந்துவிட்டாள். எங்கள் அம்மா காலத்து ஆட்களுக்குத் தாம்பரம் சானடோரியம் வெறும் ஸ்டேஷன் பெயர் இல்லை. 1928-ல் டாக்டர் சவுரிமுத்து காசநோய்க்காரர்களுக்காகத் தொடங்கிய இடம். அங்கே போனவர் திரும்புவாரா என்று கிராமத்தில் காத்திருந்த தலைமுறை அது. நாங்கள் அவளுக்குச் சமாதானம் சொல்லிக்கொண்டிருந்தோம். டி.பி. ஐந்து நாளில் இப்படி வராது என்று எனக்குத் தெரியும். வேறு என்ன என்று தெரியவில்லை.

இரவுப் பணியில் முதுநிலை படிக்கும் ஒரு பெண் டாக்டர் இருந்தார். இருபத்தேழு வயதிருக்கும். முடியைப் பேனாவால் சுருட்டிக் கொண்டை போட்டிருந்தார். அவர் எக்ஸ்ரேயைப் பார்த்துவிட்டு நேராகப் பையனிடம் வந்து, காதுமடலுக்குக் கீழிருந்து கழுத்தெலும்பு வரை சாய்வாக இறங்கும் தசையின் முன்விளிம்பை மூன்று விரலால் மெல்ல அழுத்திக்கொண்டே வந்தார். அவன் கத்தினான். அடுத்து அவர் கேட்டார்: "இந்தக் காய்ச்சலுக்கு முன்னாடி தொண்டை வலி, பல் வலி ஏதாச்சும் இருந்துச்சா?"

"இருந்துச்சு மேடம். அது அப்பவே சரியாயிடுச்சு."

"சரியாச்சான்னு நான் கேக்கலையே. எப்போ? எத்தனை நாள்? என்ன மாத்திரை?"

அவன் என்னைப் பார்த்தான். நான் சொன்னேன். சொல்லும்போதே கழுத்தில் தைலம் தடவியதையும் சொன்னேன். "இனிமே யாரும் அந்த இடத்தைத் தொட வேண்டாம்" என்று மட்டும் சொல்லிவிட்டு ஸ்கேனுக்கு எழுதினார். என்னைத் திட்டியிருந்தால் கொஞ்சம் தேவலையாக இருந்திருக்கும்.

டாப்ளர் ஸ்கேன் அறையில் நான் கூட நின்றேன். திரையில் கழுத்தின் குறுக்குவெட்டில் இரண்டு வட்டம். ஒன்று துடித்துக்கொண்டிருந்தது, அது தலைக்கு ரத்தம் ஏற்றும் தமனி. பக்கத்திலேயே தலையிலிருந்து ரத்தத்தை இறக்கும் பெரிய சிரை. இடப்பக்கம் கருவியை வைத்து அழுத்தியதும் சிரை தட்டையாக நசுங்கி, எடுத்ததும் விரிந்தது. அதுதான் இயல்பு. வலப்பக்கம் அழுத்தினார். நசுங்கவில்லை. மறுபடி அழுத்தினார். உள்ளே சாம்பல் நிறத்தில் ஏதோ அடைத்துக்கொண்டு, கல் போல் நின்றது. சி.டி. எடுத்ததில் மீதியும் தெரிந்தது. டான்சிலுக்குப் பின்னால் ஒரு சின்னச் சீழ்க்கட்டி. அதிலிருந்து சிறு சிரைகள் வழியாகக் கிருமி பெரிய சிரைக்குள் இறங்கி, அங்கே ரத்தத்தை உறைய வைத்து, அந்த உறைவுக்குள்ளேயே குடியிருந்தது. அதிலிருந்து துணுக்குத் துணுக்காகப் பிய்ந்து இதயம் வழியே நுரையீரலுக்குப் போய் ஒவ்வொன்றும் ஒரு சீழ்ப்பொட்டு. எக்ஸ்ரேயில் பார்த்த பஞ்சுத் திட்டுகள் அவைதான். தட்டணு குறைந்ததும் இதனால்தான், டெங்குவால் இல்லை.

"லெமியர் சிண்ட்ரோம்" என்றார் அந்த டாக்டர். எழுதிக் காட்டச் சொன்னேன்.

ரத்த கல்ச்சருக்கு இரண்டு புட்டி எடுத்தார்கள். ஒன்று பச்சை மூடி, ஒன்று ஆரஞ்சு மூடி. பச்சையில் காற்றோடு வாழும் கிருமி வளரும், ஆரஞ்சில் காற்று பட்டால் சாகும் கிருமி. பெரியவர்களுக்குப் புட்டிக்கு 8 முதல் 10 மில்லி ரத்தம் வேண்டும். ஆரஞ்சு மூடியைப் பற்றி எனக்கு ஒரு கருத்து இருந்தது: தண்டச் செலவு. நூறில் ஒன்றில்கூட எதுவும் வளராது. எங்கள் கூடத்தில் அதை வாங்கி வைப்பதே இல்லை. யாராவது டாக்டர் ஜோடியாக எழுதி அனுப்பினால், "ஒண்ணு போதும்மா, இன்னொண்ணுக்கு எதுக்கு காசு" என்று நானே பேஷண்டிடம் சொல்லியிருக்கிறேன். எத்தனை பேரிடம் என்று கணக்கில்லை.

அந்த ஆஸ்பத்திரி ஆய்வகத்தில் என்னோடு படித்தவள் ஒருத்தி வேலை செய்தாள். தினமும் மதியம் அவளைப் போய்ப் பார்ப்பேன். பச்சை மூடிப் புட்டி கடைசி வரை அசையவில்லை. மூன்றாம் நாள் ஆரஞ்சு மூடிப் புட்டியின் அடியில் இருக்கும் பொட்டு மஞ்சளாக மாறியிருந்தது. அவள் ஒரு சொட்டு எடுத்துக் கண்ணாடியில் தேய்த்துச் சாயம் போட்டு, "வந்து பாரு" என்றாள். வெளிறிய ரோஸ் நிறத்தில், சரியாகச் சாயம் ஏறாத குச்சிகள். ஒன்று நூல் மாதிரி நீளம், ஒன்று குட்டை, ஒன்றின் நடுவில் பானை வயிறு. அதைக் காற்றில்லாத ஜாடியில் வளர்த்து இரண்டு நாள் கழித்து மூடியைத் திறந்தபோது வந்த வாடையை இன்றைக்கும் மறக்கவில்லை. காறிப்போன வெண்ணெயின் வாடை. அந்தக் கிருமி பியூட்ரிக் அமிலம் விடும், வெண்ணெய் காறினால் வருவதும் அதுவேதான். பெயர் ஃபுசோபாக்டீரியம் நெக்ரோஃபோரம்.

டாக்டர்கள் அந்தப் புட்டிக்காகக் காத்திருக்கவில்லை. ஸ்கேன் பார்த்த அன்றைக்கே சிகிச்சை தொடங்கிவிட்டது. வார்டில் எல்லோரும் பிப்டாஸ் என்று சொல்லும் பிப்பராசிலின் டாஸோபாக்டம், கூடவே மெட்ரானிடசோல். இந்த இரண்டாவதைக் கேட்டதும் எனக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தது. வயிற்றுப்போக்குக்கென்று ரப்பர் பேண்ட் போட்டு, அசித்ரோமைசினுக்குப் பக்கத்திலேயே என் டின்னில் இருந்த மருந்து. நான் கொடுத்த அசித்ரோமைசினுக்கு இந்தக் கிருமி பெரும்பாலும் அடங்காது. அப்படியென்றால் மூன்று நாளில் வலி எப்படி விட்டது என்று கேட்டேன். "தொண்டை வலி தானாவே விடும் சித்தி" என்றார் அந்தப் பெண் டாக்டர். பையன் கூப்பிடுவதைக் கேட்டுக் கேட்டு அவரும் என்னைச் சித்தி என்றே அழைக்க ஆரம்பித்திருந்தார். "கிருமி கீழ எறங்கிடுச்சு, அவ்ளோதான்." காது மூக்கு தொண்டை டாக்டர் டான்சிலுக்குப் பின்னால் ஊசியை விட்டுச் சீழை உறிஞ்சி எடுத்தார். விலாவில் சேர்ந்திருந்த நீரையும் எடுத்தார்கள்.

பெரிய விவாதம் நடந்தது ரத்த உறைவைப் பற்றி. ரத்தத்தை இளக வைக்கும் ஹெப்பாரின் போடலாமா, வேண்டாமா? மூன்று டாக்டர், மூன்று கருத்து. உறைவு இருக்கிறது, அது மூளைப் பக்கம் ஏறினால் ஆபத்து, போடு என்றார் ஒருவர். தட்டணு நாற்பதாயிரத்தில் கிடக்கிறது, நுரையீரலில் ஓட்டை ஓட்டையாகப் புண், ரத்தம் கக்கினால் என்ன செய்வது என்றார் இன்னொருவர். கிருமிக்கு மருந்து போனால் உறைவு தானே அடங்கும் என்றார் மூன்றாமவர். இந்த நோய்க்கு ஹெப்பாரின் நல்லதா கெட்டதா என்று ஆட்களை இரண்டாகப் பிரித்துச் சோதித்த ஆய்வு எதுவும் கிடையாது. நோய் அவ்வளவு அரிது. அதனால் உலகம் முழுக்க டாக்டர்கள் ஆளைப் பார்த்துத்தான் முடிவெடுக்கிறார்கள். இதை எங்களிடம் ஒளிக்காமல் சொன்னார்கள். அப்படிச் சொன்னது எனக்குப் பிடித்திருந்தது. அக்காவுக்குப் பிடிக்கவில்லை. "இவங்களுக்கே தெரியலைன்னா நம்ம யார்ட்ட போய்க் கேக்க?" என்றாள்.

நாலு நாள் பொறுத்தார்கள். மறுபடி ஸ்கேன் செய்தபோது உறைவு ஒரு விரல் அளவு மேலே ஏறி, காதுக்குப் பின்னால் மூளையின் வடிகால் இறங்கும் இடத்தை நெருங்கியிருந்தது. நல்லவேளையாகத் தட்டணுவும் 90,000-க்கு ஏறியிருந்தது. அன்று மாலை முதல் ஊசி. அறுபது கிலோ உடம்புக்கு எனாக்சபாரின் 60 மில்லிகிராம், 12 மணி நேரத்துக்கு ஒருமுறை, தொப்புளுக்குப் பக்கவாட்டில். அக்கா நர்ஸிடம் கேட்டாள், இது எதிலிருந்து செய்வது என்று. பன்றிக் குடலிலிருந்து என்றார் நர்ஸ். அக்கா ஒரு நிமிஷம் யோசித்து, "நல்லவேள, புரட்டாசி முடிஞ்சிருச்சு" என்றாள். ஒன்பது நாளில் நாங்கள் சிரித்தது அப்போதுதான்.

ஐ.சி.யூ. வாசலில் உட்கார்ந்திருக்கும் நாட்களில் மற்றவர் கதையும் நம் கதையாகிவிடும். எதிரில் ஒரு பூக்கார அம்மாவின் மகள் இருந்தாள். அம்மாவுக்கு மேல்வரிசைக் கடைவாய்ப் பல் சொத்தை, ஒரு மாதமாக வலி. கிராம்பு வைத்தார், புகையிலை வைத்தார், மெடிக்கல் ஷாப்பில் வலி மாத்திரை வாங்கிப் போட்டுக்கொண்டு வியாபாரத்துக்குப் போனார். காட்டாங்குளத்தூரில் பல் மருத்துவக் கல்லூரியே இருக்கிறது. பல் வலிக்கு அரைநாள் வியாபாரத்தை விட முடியாது, அவ்வளவுதான் விஷயம். கன்னம் வீங்கி, ஒருநாள் காலையில் இடது கண் பிதுங்கி மூடிக்கொண்டது. மறுநாள் வலது கண்ணும் வீங்க ஆரம்பித்தது. ஒரு கண்ணில் தொடங்கி அடுத்த கண்ணுக்குத் தாண்டினால் கண்களுக்குப் பின்னால், மூளையின் அடியில் இருக்கும் ரத்தக் குகை உறைந்துவிட்டது என்று சந்தேகிப்பார்களாம். முகத்துச் சிரைகள் கண் வழியாக அந்தக் குகையோடு இணைந்திருக்கின்றன. அவற்றில் ரத்தம் எந்தப் பக்கமும் போகும். மேல்பல்லின் சீழ் மேலேறிப் போக வழி திறந்தே கிடக்கிறது. மூக்கோரத்தில் பரு வந்தால் கிள்ளாதே என்று பாட்டிகள் சொன்னதற்கும் இதுவேதான் காரணம். அந்த அம்மாவுக்குப் பல்லைப் பிடுங்கிச் சீழை வடித்து, ஆன்டிபயாடிக்கும் ஹெப்பாரினும் கொடுத்தார்கள். பிழைத்துவிட்டார். ஆனால் இடது கண் வெளிப்பக்கம் திரும்பாமல் நின்றது, பார்ப்பதெல்லாம் இரண்டிரண்டாகத் தெரிந்தது. வார்டுக்கு மாறியபின் ஒருநாள் பார்த்தேன். ஒரு கண்ணைத் துணியால் கட்டிக்கொண்டு, மகள் கொண்டுவந்த முல்லையைத் தொடுத்துக்கொண்டிருந்தார். விரல்களுக்குக் கண் தேவைப்படவில்லை. எனக்கு ஒரு முழம் கொடுத்தார், காசு வாங்கவில்லை.

அந்த நாட்களில்தான் செல்போனில் தேடித் தேடிப் படித்தேன். ஆந்த்ரே லெமியர் பாரீசில் கிளாட் பெர்னார் மருத்துவமனையில் இருந்தவர். 1936-ல் லான்செட் இதழில் 20 நோயாளிகளைப் பற்றி எழுதினார். அவர்களில் 18 பேர் இறந்துவிட்டார்கள். பெரும்பாலும் இளவயது, அதுவரை நோய்நொடி அறியாதவர்கள். தொண்டை வலி, சில நாளில் குளிர் நடுக்கம், கழுத்து, பிறகு நுரையீரல். இந்த வரிசையை வைத்தே நோயைச் சொல்லிவிடலாம் என்பது அவர் கட்சி. பென்சிலின் கைக்கு வராத காலம். கழுத்துச் சிரையை அறுத்துக் கட்டிப் பார்த்தார்கள். பிறகு பென்சிலின் வந்து, தொண்டை வலிக்கெல்லாம் தாராளமாகக் கொடுக்கப்பட்டு, இந்த நோய் கண்ணில் படாமலேயே போயிற்று. மருத்துவர்கள் இதற்கு 'மறந்துபோன நோய்' என்று பெயரே வைத்துவிட்டார்கள். மறந்தது டாக்டர்கள்தான், கிருமி அப்படியேதான் இருந்தது.

என் பிஸ்கட் டின் வந்த டென்மார்க்கில்தான் இதைச் சரியாக எண்ணியிருக்கிறார்கள். 1998 முதல் 2001 வரை நாடு முழுக்கக் கணக்கெடுத்ததில் ஆண்டுக்குப் பத்து லட்சம் பேரில் 3.6 பேர். 15 முதல் 24 வயதுக்குள் மட்டும் பார்த்தால் 14.4. அமெரிக்காவின் அலபாமாவில் ஒரு பல்கலைக்கழக மாணவர் மருத்துவமனையில் ராபர்ட் சென்டார் என்ற டாக்டரின் குழு, தொண்டை வலியோடு வந்த பிள்ளைகளைச் சோதித்து 2015-ல் வெளியிட்டது. ஐந்தில் ஒருவர் தொண்டையில் இந்தக் கிருமி. தொண்டை வலியே இல்லாத மாணவர்களிலும் பத்தில் ஒருவரிடம் கிட்டத்தட்ட இருந்தது. ஆகவே கிருமி இருப்பதாலேயே நோய் வந்துவிடாது, மிகச் சிலருக்குத்தான் கழுத்துக்குள் இறங்கும். இதைப் படித்துவிட்டு ஸ்டேஷன் வாசலில் ஜூஸ் குடித்துக்கொண்டு நின்ற கூட்டத்தைப் பார்த்தேன். ஒவ்வொரு தொண்டையையும் செல்போன் வெளிச்சத்தில் பார்க்கத் தோன்றியது. அப்படியானால் எல்லாத் தொண்டை வலிக்கும் ஆன்டிபயாடிக் கொடுத்துவிடலாமே என்று யாரும் கிளம்பிவிடக் கூடாது. பெரும்பாலான தொண்டை வலி வைரஸால் வருவது, எந்த ஆன்டிபயாடிக்கும் வேண்டாம். நான் செய்த பிழை இரண்டு. டாக்டர் பார்க்காமல் கொடுத்தேன். பிறகு காய்ச்சல் வந்தபோது, முடிந்துபோன கதை என்று தொண்டையைச் சொல்லாமல் விட்டேன்.

பதினேழாம் நாள் வீட்டுக்கு வந்தான். மாத்திரை இன்னும் நாலு வாரம். ரத்தம் ஓடாத உறைவுக்குள் மருந்து ஊறிப் போவதற்கு நாளாகும், அதனால்தான் ஆறு வாரக் கணக்கு. மெட்ரானிடசோலால் வாயெல்லாம் செப்புக்காசு சப்பின மாதிரி இருக்கிறது என்று என் குழம்பைக்கூடத் தள்ளினான். காலை ஏழு, மாலை ஏழு, ஊசி போடுவது என் வேலை. அடிவயிற்றுச் சதையை இரண்டு விரலால் மடித்துப் பிடித்து, ஊசியை நேராக இறக்கி, மெதுவாகச் செலுத்தி, எடுத்தபின்தான் மடிப்பை விட வேண்டும். தேய்க்கக் கூடாது. சிரிஞ்சிலேயே இருக்கும் காற்றுக்குமிழியை வெளியேற்றக் கூடாது. இருபத்து நாலு வருடம் ரத்தம் எடுத்த கை அந்த ஒரு வேலையில் நடுங்கியது. வயிறு முழுக்க ஊதா நாணயங்கள் மாதிரி ரத்தக்கட்டு.

ஊசிக்குப் பதில் வார்ஃபரின் மாத்திரைக்கு மாற்றலாமே என்று கேட்டேன். மெட்ரானிடசோல் முடியட்டும் என்றார் டாக்டர். இரண்டும் சேர்ந்தால் வார்ஃபரினின் வேகம் ஏகத்துக்கு ஏறி, பல் துலக்கினாலே ரத்தம் நிற்காது. இந்த வார்ஃபரினுக்கு ஒரு பூர்வகதை உண்டு. கெட்டுப்போன ஒருவகைத் தீவனப்பயிரைத் தின்ற மாடுகள் அமெரிக்காவில் ரத்தம் நிற்காமல் செத்தன. அதற்குக் காரணமான பொருளை விஸ்கான்சினில் கார்ல் பால் லிங்க் என்பவரின் குழு பிரித்தெடுத்தது. அதன் வழியில் வந்த வார்ஃபரின் 1948-ல் விற்பனைக்கு வந்தது எலிப் பாஷாணமாக. மனிதனுக்கு மருந்தானது அதன் பிறகுதான். அக்காவிடம் இதைச் சொல்லவில்லை, பன்றிக்குடல் வரைக்கும் போதும் என்று விட்டுவிட்டேன். அவளிடம் சொன்னதெல்லாம், கீரையை ஒரே அளவில் கொடு, ஒருநாள் கட்டுக்கட்டாக முருங்கைக்கீரை, மறுநாள் ஒன்றுமில்லை என்று செய்யாதே என்பதுதான். கீரையில் இருக்கும் கே வைட்டமின் இந்த மாத்திரையை எதிர்க்கும். ரத்தம் உறைய எவ்வளவு நேரமாகிறது என்று காட்டும் ஐ.என்.ஆர். இரண்டுக்கும் மூன்றுக்கும் நடுவில் நிற்க வேண்டும். வார்ஃபரினுக்கு மாறியபின் வாராவாரம் அவன் ரத்தத்தை நானே எடுத்து, நானே ஓட்டி, வேறொரு டெக்னீஷியனையும் பார்க்கச் சொல்வேன். மூன்று மாதத்தில் மாத்திரையை நிறுத்தினார்கள்.

ஒரு செமஸ்டர் போயிற்று. அடுத்த வருடம் எழுதிப் பாஸ் செய்தான். இப்போது ஓசூரில் வேலை. நுரையீரல் சுத்தமாகிவிட்டது. வலப்பக்கச் சிரை மட்டும் திறக்கவே இல்லை, கடைசி ஸ்கேனில் நூல் மாதிரி சுருங்கிக் கிடந்தது. இடப்பக்கச் சிரை இரண்டுக்கும் சேர்த்து வேலை செய்கிறது, ஒன்றும் குறையில்லை என்றார்கள். குளிர் நாளில் கழுத்தைத் திருப்பினால் ஒரு இழுப்பு இருக்கிறது என்பான்.

டின் இன்னும் ஃப்ரிட்ஜ் மேல்தான் இருக்கிறது. உள்ளே பாராசிட்டமாலும் உப்புச் சர்க்கரைப் பொட்டலமும் மட்டும். எங்கள் கூடத்தில் முதலாளியிடம் மூன்று மாதம் வாதாடி ஆரஞ்சு மூடிப் புட்டியை வாங்கி வைக்கச் செய்தேன். காய்ச்சலுக்கு ரத்தம் கொடுக்க வரும் பிள்ளைகளிடம் கையில் பட்டை கட்டும்போதே கேட்டுவிடுவேன்: "போன வாரம் தொண்டை வலிச்சுதா? பல் வலிச்சுதா?" ஆமாம் என்றால் சீட்டின் மூலையில் எழுதி அனுப்புவேன். டாக்டர்கள் சிலர் கேலி செய்வதும் உண்டு. செய்யட்டும்.

உங்கள் வீட்டில் பிள்ளைக்குத் தொண்டை வலி வந்து போய், ஒரு வாரம் பத்து நாளுக்குள் குளிர் நடுக்கத்தோடு காய்ச்சல் திரும்பினால், கழுத்தில் ஒரு பக்கம் மட்டும் வலித்தால், மூச்சு விடும்போது குத்தினால், அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போங்கள். போன இடத்தில் காய்ச்சலை மட்டும் சொல்லிவிட்டு வராதீர்கள். அந்தத் தொண்டை வலியையும் சொல்லுங்கள். கழுத்தில் தைலம் தடவாதீர்கள்.